கோர்ட்டுக்கு வரும் நாளில் லைசென்ஸ் துப்பாக்கியை எங்கே வைப்பது? கடலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் கோர்ட் இருக்கும் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. வாய்தா தேதி கேட்பவர்கள், நகல் மனு போடுபவர்கள், ஜாமீனுக்கு ஆள் தேடி அலைபவர்கள் என்று நாள் முழுக்க ஆட்கள் வந்து போகிற இடம். அவர்களில் வருடத்துக்கு நாலைந்து பேராவது குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்கள்: "வீட்ல துப்பாக்கி இருக்கு, லைசென்ஸும் இருக்கு. கோர்ட்டுக்கு வர்ற அன்னிக்கு அதை என்ன பண்றது?"

வேப்பூர், திட்டக்குடி பக்கம் மக்காச்சோளக் காட்டுக் காவலுக்கு ஒற்றைக்குழல் வைத்திருப்பவர், பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்து இரட்டைக்குழல் வைத்திருப்பவர், வங்கிக் காவலர், நகைக்கடைக்காரர் எனக் கேட்பவர்கள் பலவகை. இவர்கள் யாரும் ரவுடிகள் இல்லை. சட்டப்படி நடக்க நினைப்பவர்கள்தான். ஆனாலும் அந்த ஒரு நாளில் எங்காவது சறுக்கிவிடுகிறார்கள். ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016 இரண்டையும் வைத்து, நான் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

லைசென்ஸ் இருந்தால் கோர்ட் வளாகத்துக்குள் துப்பாக்கியைக் கொண்டு போகலாமா?

கூடாது. வக்கீலைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்புவதானாலும் கூடாது.

2021 செப்டம்பர் 24 அன்று டெல்லி ரோகிணி கோர்ட்டில் வக்கீல் உடுப்பில் வந்த இரண்டு பேர், விசாரணை நடந்துகொண்டிருந்த அறைக்குள்ளேயே ஒரு கைதியைச் சுட்டுக் கொன்றார்கள். நாடு முழுக்கக் கோர்ட் வாசல்களில் சோதனை இறுகியதற்கு அது பெரிய காரணம். 2023 ஆகஸ்டில் பிரத்யுமன் பிஷ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு கோர்ட் வளாகத்துக்கும் பாதுகாப்புத் திட்டம், நிரந்தரக் காவல் பிரிவு, கேமராக்கள், வாசல் சோதனை எல்லாம் வேண்டும் என்று உத்தரவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2015 நவம்பர் முதலே மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைதான் நிற்கிறது.

என் லைசென்ஸ் நிபந்தனையில் 'கோர்ட்' என்ற வார்த்தையே இல்லையே?

இதைக் கேட்பவர்கள் லைசென்ஸை ஒழுங்காகப் படித்தவர்கள். நிபந்தனையில் இருப்பது திருவிழா, மத ஊர்வலம், மக்கள் பொதுவாகக் கூடும் இடம், கல்வி நிலைய வளாகம். மாவட்ட மாஜிஸ்திரேட்டின் தனி அனுமதி இல்லாமல் இந்த இடங்களுக்குக் கொண்டு போகக்கூடாது. வாய்தா நாளில் நம் கோர்ட் வராந்தாவைப் பார்த்தவர் யாரும் அது மக்கள் கூடும் இடம் இல்லை என்று வாதாட மாட்டார்.

அதே நிபந்தனையில் எந்த நோக்கத்துக்காக லைசென்ஸ் கொடுத்தார்களோ அதற்காக மட்டுமே துப்பாக்கியை எடுத்துச் செல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. வயல் காவலுக்கு வாங்கிய துப்பாக்கிக்கு மஞ்சக்குப்பத்தில் வேலை இல்லை. நிபந்தனையை மீறினால் சட்டத்தின் 30ஆம் பிரிவு வரும். 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை சின்னதாகத் தெரியலாம். உண்மையான இழப்பு 17ஆம் பிரிவில் இருக்கிறது. அதன்படி லைசென்ஸையே நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம்.

வாசலில் போலீஸிடம் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள முடியாதா? லாக்கர் இருக்குமாமே?

லாக்கர் கதை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே வாஷிங்டன் மாநிலச் சட்டத்தில், கோர்ட்டுக்கு வருபவரின் கைத்துப்பாக்கியைப் பூட்டிவைக்கப் பெட்டி வைத்துச் சாவியை அவரிடமே தர வேண்டும், அல்லது வாங்கிவைக்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று இருக்கிறது. வீடியோவில் இதைப் பார்த்துவிட்டு இங்கேயும் கேட்கிறார்கள்.

நம் மாவட்டக் கோர்ட்டுகளில் அப்படி ஓர் ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. வாசலில் நிற்கும் காவலரின் வேலை சோதனை போடுவது. உங்கள் துப்பாக்கியைப் பதிவேட்டில் ஏற்றி, சீட்டுக் கட்டி, பூட்டிவைக்கும் வசதி அந்த மேஜையில் கிடையாது. கையில் துப்பாக்கியோடு வாசலில் போய் நின்றால் அவர் செய்யக்கூடியது, 19ஆம் பிரிவின்படி லைசென்ஸைக் காட்டச் சொல்வதும், மேலதிகாரிக்குத் தகவல் சொல்வதும்தான். அன்றைய வாய்தா அத்தோடு போச்சு. நீங்கள் ஆஜராகவில்லை என்று உள்ளே பிடிவாரண்ட் போட்டாலும் ஆச்சரியமில்லை.

அப்படியானால் எங்கேதான் வைப்பது?

வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பத்துக்கு ஒன்பது பேருக்கு இதுதான் சரியான பதில்.

வைக்கும் விதமும் முக்கியம். முதலில் தோட்டாவை இறக்குங்கள். குழலைத் திறந்து கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் பாருங்கள். இரட்டைக்குழலாக இருந்தால் இரண்டையும் பாருங்கள். அப்புறம் துப்பாக்கியை ஓர் இரும்பு பீரோவிலும் தோட்டாக்களை வேறு பூட்டிலும் வையுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும். பூஜை அலமாரியில், காலண்டருக்குப் பின்னால், அரிசிப் பானைக்குள் என்று சாவியை வைக்கும் இடங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

பரணில் போட்டு வைப்பது, கதவுக்குப் பின்னால் சாய்த்து வைப்பது, கட்டிலுக்கடியில் சாக்கில் சுற்றி வைப்பது, இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். "எங்க வீட்ல யாரும் தொட மாட்டாங்க" என்று சொன்னவர் வீட்டிலேயே விபத்து நடந்ததை வழக்குக் கட்டாகப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டில் இருந்த போட்டோக்களை இங்கே எழுத மனம் வரவில்லை.

வீட்டில் ஆளே இருக்காது. கேஸ் விஷயமாக நாலு நாள் வெளியூரில் தங்க வேண்டும். என்ன செய்வது?

போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம். லைசென்ஸ் உள்ளவர் தன் துப்பாக்கியைப் பாதுகாப்புக்காக ஸ்டேஷனிலோ, அதற்கு அனுமதி உள்ள துப்பாக்கிக் கடையிலோ வைக்க ஆயுத விதிகளிலேயே வழி இருக்கிறது. தேர்தல் நேரத்தில் எல்லோரும் செய்வது போன்றதுதான்.

வாய்தா அன்று காலை ஒன்பதரைக்கு, கோர்ட்டுக்குப் பக்கம் என்று கடலூர் புதுநகர் ஸ்டேஷனுக்குத் துப்பாக்கியோடு ஓடாதீர்கள். அந்த நேரத்தில் அங்கே கைதிகளை ஆஜர்படுத்தும் வேலை, பந்தோபஸ்து வேலை எல்லாம் நெருக்கிக்கொண்டிருக்கும். உங்களை அங்கே யாருக்கும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் முன்னதாக உங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் போங்கள். லைசென்ஸ் கொடுப்பதற்கு முன் உங்களைப் பற்றி விசாரித்து அறிக்கை கொடுத்தது அந்த ஸ்டேஷன்தான். அங்கே உங்கள் பெயர் ஏற்கெனவே இருக்கும்.

ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதுங்கள். பெயர், முகவரி, லைசென்ஸ் எண், ஆயுத லைசென்ஸ்களுக்கான தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண், துப்பாக்கி வகை, அதன் மேல் பொறித்த எண், தோட்டா எத்தனை, எந்தத் தேதிவரை வைக்க வேண்டும், என்ன காரணம், இவ்வளவு போதும். லைசென்ஸ் நகல் ஒன்றை இணையுங்கள். முதல் நாளே போய் ரைட்டரைப் பார்த்து, "நாளைக்கு எத்தனை மணிக்குக் கொண்டு வரட்டும் சார்?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. முன்கூட்டிச் சொல்லாமல் தோளில் துப்பாக்கியோடு ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் உள்ளே இருப்பவர்களுக்கும் பதற்றம், உங்களுக்கும் ஆபத்து.

ரசீது வாங்காமல் கிளம்பக்கூடாது. வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். எங்கள் வக்கீலின் கட்சிக்காரர் ஒருவருக்கு ஒரு ஸ்டேஷனில் கொடுத்த ரசீதில் துப்பாக்கி எண்ணின் கடைசி இலக்கத்துக்கு முந்தைய இலக்கம் தவறு. 6 இருக்க வேண்டிய இடத்தில் 8. பழைய துப்பாக்கி, துருவில் எண் மங்கியிருந்தது. திரும்பக் கேட்கும்போது எழுதிய அதிகாரி மாறிப் போயிருந்தார். ரசீதில் உள்ள எண்ணில் துப்பாக்கி இல்லை, இருக்கும் துப்பாக்கிக்கு ரசீது இல்லை. மனு, விளக்கம், மேலதிகாரி கையெழுத்து என்று ஐந்து மாதம் இழுத்தது. துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு எண்ணைத் துடைத்து, அவர் முன்னாலேயே சத்தமாகப் படித்துக் காட்டியிருந்தால் அந்த ஐந்து மாதம் மிஞ்சியிருக்கும்.

துப்பாக்கிக் கடையில் வைப்பது நல்லதா?

நல்லதுதான், வாடகை வாங்குவார்கள். கடைக்கு விற்பனை லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதாது. பிறர் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கு வாங்கிவைக்கும் அனுமதியும் இருக்கிறதா என்று கேளுங்கள். இங்கேயும் ரசீது கட்டாயம்.

டீக்கடையில் ஒரு மணி நேரம் கொடுத்து வைக்கலாமா? நம்பிக்கையான ஆள்.

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், நிலத் தகராறு வழக்கில் சாட்சி சொல்ல வந்தார். சாட்சி முடிந்ததும் துப்பாக்கியைப் பழுது பார்க்கக் கொடுக்கலாம் என்று டிவிஎஸ் எக்ஸெல்லில் கட்டி எடுத்து வந்துவிட்டார். பழைய வேட்டியில் சுற்றி, யூரியா சாக்குக்குள் போட்டு, சணல் கயிற்றால் கட்டியிருந்தார். பார்ப்பவர்களுக்கு மண்வெட்டிக் காம்பு மாதிரிதான் இருக்கும். அதைக் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் பெஞ்சுக்கு அடியில் வைத்து, "தம்பி, பார்த்துக்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் டீ குடிக்கப் போனபோது கடைக்காரரின் மகன், ஐந்தாவது ஆறாவது படிக்கும் வயது, சாக்கின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தான். வேட்டி நழுவிக் குழல் வெளியே தெரிந்தது. அதைத் தன் பக்கமாகவே திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தான். நான் கத்தவில்லை. கத்தினால் பயத்தில் இழுத்துவிடுவானோ என்று தொண்டை அடைத்துவிட்டது. மெதுவாகப் போய் குழலைப் பிடித்துத் தரைப்பக்கம் சாய்த்தேன். பெரியவரைக் கூட்டி வந்தார்கள். கை நடுங்க அவர் துப்பாக்கியை மடக்கித் திறந்தார். உள்ளே ஒரு தோட்டா இருந்தது. பித்தளை அடிப்பாகம் வெயிலில் பளபளத்தது. "போன வாரம் பன்னிக்குப் போட்டது, மறந்துட்டேன்" என்றார். அவர் குரல் இன்னும் காதில் இருக்கிறது. நல்ல மனிதர். அந்தப் பையன் இப்போது கல்லூரி போகிறான், தினமும் பார்க்கிறேன்.

சட்டம் சொல்வது இதுதான். லைசென்ஸ் இல்லாத ஒருவர் உங்கள் துப்பாக்கியைத் தொட்டுத் தூக்க 3ஆம் பிரிவு ஒரு சிறிய விலக்குத் தருகிறது. நீங்கள் கூட இருக்க வேண்டும், அல்லது உங்கள் எழுத்து அனுமதி அவர் கையில் இருக்க வேண்டும். அதுவும் பழுது பார்க்க, லைசென்ஸ் புதுப்பிக்க, அல்லது நீங்கள் பயன்படுத்துவதற்காக எடுத்து வர மட்டும். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வது இதில் அடங்காது. வைத்திருக்க உரிமை உள்ளவரா என்று உறுதி செய்யாமல் ஆயுதத்தை இன்னொருவர் கையில் ஒப்படைப்பதை 29ஆம் பிரிவு தனிக் குற்றமாகவே சொல்கிறது. வாங்கி வைத்த டீக்கடைக்காரர் நிலைமை இன்னும் மோசம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம், கூடினால் 5 வருடம் சிறை. உங்களுக்கு உதவப் போய் ஒரு மனிதர் அதில் மாட்ட வேண்டுமா?

வக்கீல் ஆபீஸில் வைக்கலாமா?

கூடாது. வக்கீலுக்கும் அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இல்லை. "எங்க சீனியர் ரூம்ல பீரோ இருக்கே" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அது கேஸ் கட்டு வைக்கும் பீரோ.

கார் டிக்கியில் பூட்டி வைத்தால்?

வண்டிக் கண்ணாடியை உடைத்து எடுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். கோர்ட்டைச் சுற்றி நிற்கும் வண்டிகளின் சொந்தக்காரர்கள் மாலை வரை வர மாட்டார்கள் என்பது திருடனுக்கும் தெரியும். இருசக்கர வண்டியின் சீட்டுக்கடியைப் பற்றிப் பேசவே வேண்டாம். காரை வளாகத்துக்குள் நிறுத்தினால் துப்பாக்கியும் வளாகத்துக்குள் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

வழியில் எடுத்துச் செல்ல வேண்டிய கட்டாயம் இருந்தால் 2016 விதிகள் கேட்பது இரண்டு. துப்பாக்கி அதற்கான உறையில் முழுவதுமாக மூடியிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். யூரியா சாக்கு உறை ஆகாது, பூட்டிவிட்டுப் போன டிக்கி கட்டுப்பாடு ஆகாது. தோட்டாவை இறக்கி வேறு பையில் வைத்து, நேராகப் போய் நேராக வீடு திரும்புங்கள்.

பையில் ஒரே ஒரு தோட்டா கிடந்தது. வாசல் சோதனையில் எடுத்துவிட்டார்கள். என்ன ஆகும்?

சட்டத்தில் தோட்டாவும் துப்பாக்கி மாதிரிதான், லைசென்ஸ் வேண்டும். உங்களிடம் லைசென்ஸ் இருந்தால் அதைக் காட்டி விளக்குங்கள். வாக்குவாதம் செய்யாதீர்கள், ஓடாதீர்கள், "என்னுடையது இல்லை" என்று பொய் சொல்லாதீர்கள். உடனே வக்கீலை வரச் சொல்லுங்கள்.

பையில் இருந்ததே தெரியாது என்பது உண்மையானால் அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், வைத்திருத்தல் என்றால் அது தன்னிடம் இருக்கிறது என்ற அறிவோடு இருக்க வேண்டும் என்று சொன்னது. அதைப் பிறகு கோர்ட்டில் நிரூபித்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய பொழுது ஸ்டேஷனில்தான் கழியும். வயலுக்குப் போகும் பையும் கோர்ட்டுக்கு வரும் பையும் வேறு வேறாக இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. வேட்டைச் சட்டைப் பை, பனியனுக்கு மேல் போடும் பழைய கோட்டு இவற்றையும் ஒருமுறை உதறிப் பாருங்கள்.

எதிராளியால் உயிருக்கு ஆபத்து. துப்பாக்கி இல்லாமல் எப்படிக் கோர்ட்டுக்கு வருவது?

இதைக் கேட்பவர்களின் பயம் உண்மையானது. கோர்ட் வாசலிலேயே வெட்டு விழுந்த செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 2024 டிசம்பரில் திருநெல்வேலியில் நடந்தது மறந்திருக்காது. ஆனால் உங்கள் இடுப்பில் துப்பாக்கி இருப்பதால் அந்த இடம் பாதுகாப்பாக ஆகிவிடாது. கூட்டத்தில் வெடித்தால் குண்டு யார் மேல் படும் என்று யாராலும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது வேறு. நீங்கள் சாட்சியாக இருந்தால் 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் உங்களுக்காகவே இருக்கிறது. மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 5 அன்று அதை ஏற்று, நாடு முழுக்கச் சட்டம் போலவே பின்பற்ற வேண்டும் என்றது. மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கும், மாவட்டக் காவல் தலைவரும் அரசு வழக்கறிஞர் தரப்புத் தலைவரும் அதில் இருப்பார்கள். நீங்கள் மனுக் கொடுத்ததும் போலீஸிடம் ஆபத்து மதிப்பீட்டு அறிக்கை கேட்பார்கள். கோர்ட்டுக்கு வந்து போகப் போலீஸ் துணை, வீட்டுப் பக்கம் ரோந்து, எதிரியும் சாட்சியும் நேருக்கு நேர் பார்க்காதபடி விசாரணை, தேவைப்பட்டால் இடம் மாற்றம் வரை அந்தத் திட்டத்தில் இருக்கிறது. நிறையப் பேருக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது. மனு எழுத வக்கீல் கட்டணம் கட்ட முடியாதவர்கள், வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். இலவசமாக எழுதித் தருவார்கள்.

காணொலியில் சாட்சி சொல்ல அனுமதி கேட்கலாம். மிரட்டல் வந்த தேதி, போன் நம்பர், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் குறித்து வைத்துப் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். வழக்கு நடக்கும் கோர்ட்டிலும் வக்கீல் மூலம் சொல்லுங்கள். அந்தப் பயத்தைப் பதிவில் ஏற்றுவதற்குக் கூச்சப்படாதீர்கள்.

வக்கீலே லைசென்ஸ் வைத்திருந்தால்? வங்கிக் காவலர்?

வக்கீலுக்கும் இதே விதிதான். வக்கீல்களுக்குக் கோர்ட் வளாகத்தில் துப்பாக்கி வைத்திருக்கத் தனி உரிமை எதுவும் இல்லை என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

வங்கிக் காவலர், பணம் ஏற்றும் வண்டிக் காவலர் சாட்சி சொல்ல வந்தால், வேலை நேரத்து ஆயுதத்தை வங்கியிலோ நிறுவனத்திலோ முறைப்படி ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். சம்மன் வந்ததுமே மேலாளரிடம் சொல்லி மாற்று ஆள் கேளுங்கள். காலையில் சொன்னால் அவர்களுக்கும் கஷ்டம். பணியில் இருக்கும் போலீஸ், நீதிபதியின் மெய்க்காவலர் இவர்களுக்கெல்லாம் அரசு ஆயுத விதிகள் தனி.

அந்தத் துப்பாக்கியே வழக்கில் சம்பந்தப்பட்டது. கோர்ட்டில் காட்டச் சொல்கிறார்கள். நானே எடுத்து வரலாமா?

நீங்களாகத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். போலீஸ் கைப்பற்றியது என்றால் அது வழக்குச் சொத்து, கொண்டு வருவது அவர்கள் பொறுப்பு. உங்களிடமே இடைக்கால ஒப்படைப்பில் இருந்து, கோர்ட் கேட்டால், எந்தத் தேதியில், யார் துணையோடு, எந்த வாசல் வழியாக என்று உத்தரவிலேயே எழுதி வாங்குங்கள். அந்த உத்தரவு நகலை முன்கூட்டியே ஸ்டேஷனில் காட்டி, காவலர் ஒருவரோடு வாருங்கள்.

கைப்பற்றிய துப்பாக்கியைத் திரும்பக் கேட்பதற்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகளில் மனுப் போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451, 457 என்று பழகிய அதே மனுதான். லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். காலாவதியான லைசென்ஸை இணைத்து மனுப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

தீர்ப்பு நாள். உள்ளே அனுப்பினாலும் அனுப்புவார்கள். துப்பாக்கியை என்ன செய்வது?

தீர்ப்புக்கோ சரண்டருக்கோ போகும் முன் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுங்கள். இதை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போய், திரும்பி வர முடியாமல் போனால், பீரோவுக்குள் ஒரு துப்பாக்கியும் சாவியும் மனைவி தலையில் விழும். அவருக்கு லைசென்ஸ் கிடையாது. தண்டனை வந்துவிட்டால் லைசென்ஸையும் அதிகாரி ரத்து செய்யலாம். அப்போது 21ஆம் பிரிவின்படி தாமதமில்லாமல் ஒப்படைத்தே ஆக வேண்டும். முன்னாலேயே செய்துவிட்டால் குடும்பம் அலைய வேண்டாம்.

அப்பா இறந்துவிட்டார். அவருடைய துப்பாக்கியை வாரிசு வழக்குக்காகக் கோர்ட்டில் காட்ட வேண்டுமா?

வேண்டாம். லைசென்ஸ் அப்பா பெயருக்கு மட்டும்தான், அவரோடு முடிந்தது. துக்கத்தில் யாருக்கும் இது நினைவு வராது, அது இயல்புதான். ஆனால் காரியம் முடிந்த கையோடு இறப்புச் சான்றின் நகலை எடுத்துக்கொண்டு, துப்பாக்கியை ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அதன் பிறகு உங்கள் பெயருக்கு லைசென்ஸ் கேட்டுக் கலெக்டர் அலுவலகத்தில் மனுப் போடலாம், அல்லது விற்றுவிடலாம். சொத்துப் பட்டியலில் காட்ட அந்த ரசீதே போதும்.

புதுச்சேரி கோர்ட்டில் வழக்கு. கடலூர் லைசென்ஸ் அங்கே செல்லுமா?

லைசென்ஸில் 'செல்லுபடியாகும் பகுதி' என்று ஒரு வரி இருக்கும். அதில் தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால், புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டியதும் உங்கள் துப்பாக்கி லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. நமக்குப் புதுச்சேரி இருபது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் பக்கத்து ஊர். காய்கறி வாங்கப் போவோம், ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஆனால் சட்டத்துக்கு அது வேறு ஆட்சிப் பகுதி.

எல்லையும் குண்டும் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1690இல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கியைச் சுட்டுக் குண்டு விழுந்த தூரம் வரைக்கும் உள்ள ஊர்கள் அவர்களுக்கு என்று ஏற்பாடு. அப்படி எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். இன்றைய எல்லை லைசென்ஸில் அச்சிட்ட அந்த ஒரு வரியில் இருக்கிறது.

புதுச்சேரி நீதிமன்ற வளாகம் கடலூர் சாலையிலேயே இருக்கிறது, பஸ்ஸில் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம். துப்பாக்கி வீட்டில் இருக்கட்டும். இன்னொன்றையும் பாருங்கள். கடலூரிலிருந்து சென்னைக்குப் புதுச்சேரி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினாலும் இதே சிக்கல்தான். பழுது பார்க்கவோ வேறு காரணத்துக்கோ துப்பாக்கியைச் சென்னைப் பக்கம் எடுத்துச் செல்ல வேண்டியவர்கள், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, விழுப்புரம் வழியாகப் போவது நல்லது.

ஏர்கன்னுக்கும் இதெல்லாம் உண்டா?

4.5 மில்லிமீட்டர் அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உள்பட்ட ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். கோர்ட் வாசலில் அதையும் விட மாட்டார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் காவலருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்கிறேன். கோர்ட்டில் தனியாகச் சொல்ல வேண்டுமா?

தேவையில்லை. ஜாமீன் நிபந்தனையில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லியிருந்தால் மட்டும், அந்த ரசீது நகலை வக்கீலிடம் கொடுத்துத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். தேர்தல் முடிந்ததும் மற்றவர்களோடு சேர்ந்து போய் வாங்கி வந்துவிடாதீர்கள். கோர்ட் நிபந்தனை தேர்தலோடு முடியாது.

வழியில் திருடு போய்விட்டது, அல்லது தொலைந்துவிட்டது.

அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டேஷனுக்கு உடனே போங்கள். வீட்டுக்குப் போய்த் தேடிவிட்டு நாளைக்குச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். உடனே தகவல் சொல்ல வேண்டும் என்பது லைசென்ஸ் நிபந்தனை. மனு ரசீது வாங்கி, லைசென்ஸ் கொடுத்த கலெக்டர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அன்றைய வாய்தாவை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

சரி, வாய்தா முடிந்தது. ஸ்டேஷனிலிருந்து எப்போது திரும்ப வாங்குவது?

அன்றைக்கு மாலையே ஓட வேண்டாம். களைப்பாக இருப்பீர்கள், இருட்டிவிடும், கோர்ட்டில் நடந்ததே மனதில் ஓடும். மறுநாள் காலை அசல் ரசீது, அசல் லைசென்ஸ், ஓர் அடையாள அட்டை, துப்பாக்கி உறை இவற்றோடு போங்கள். கையில் வாங்கியதும் அங்கேயே குழலைத் திறந்து காலியா என்று பாருங்கள். எண்ணையும் தோட்டாவின் எண்ணிக்கையையும் சரிபார்த்த பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். உறையில் போட்டு, வழியில் எங்கும் வண்டியை நிறுத்தாமல் வீட்டுக்குப் போய் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.